எட்டுக்கு ஐந்தில் ஒரு சதுரம்

எஸ்தர் டீச்சர் போய்விட்டார் என்று மூணாறிலிருந்து அவருடைய தங்கை போனில் சொன்னபோது, சும்மா இருங்க என்று அதட்டிவிட்டேன். இரங்கல் கூட்டத்தில் யாரோ அவரைச் சாந்த சொரூபி என்றார்களாம். பொய். அவரோடு படித்தவர்களுக்கும் சண்டை போட்டவர்களுக்கும் அது தெரியும்.

எழுபதுகளில் பாலக்காட்டில் ஆசிரியர் பயிற்சியில் ஒன்றாக இருந்தோம். நான் வாளையார்க்காரன்; அவர் மூணாறுப் பக்கம் மாட்டுப்பட்டிக்கு மேலே தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவர். பாலக்காட்டை ஒட்டிய மலை எஸ்டேட் பள்ளிகளின் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு எவ்வளவு வருகிறது என்று ஆராய மலையாளி ஆய்வாளர் ஒருவர் வந்தார். வினாத்தாளைக் கொடுத்து விடைத்தாளை வாங்கி வருவது மட்டுமே எங்கள் வேலை. தபால்கார உத்தியோகம் என்று எஸ்தர் முணுமுணுத்தார்.

ஒரு கேள்வியில் பிள்ளைகள் மொத்தமாகக் கவிழ்ந்தார்கள். 'ஒரு சதுரத்தின் நீளம் எட்டு, அகலம் ஐந்து. பரப்பளவு என்ன?' பலர் எழுதவே இல்லை. ஒருத்தி மட்டும் 'இது சதுரம் இல்லை' என்று எழுதியிருந்தாள். இந்தப் பிள்ளைகளுக்கு வடிவக்கணக்கு ஏறாது என்று அறிக்கை தயாரானது. அதை வைத்து, மேல்வகுப்புக் கணக்கே இவர்களுக்கு வேண்டாம் என்ற பேச்சும் கிளம்பியது.

எஸ்தர் விடவில்லை. மலையாளத்தில் சதுரம் என்றால் நம் செவ்வகம். நம் சதுரம் அவர்களுக்குச் சமசதுரம். மலையாள வினாத்தாளைத் தமிழாக்கியவர் அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிட்டார். இதைச் சொன்னதற்கு, பயிற்சிக்கு வந்தவளுக்கு ஆராய்ச்சி எதற்கு, சான்றிதழ் வேண்டாமா என்று ஆய்வாளர் எங்கள் வகுப்பில் வைத்தே மிரட்டினார்.

எஸ்தர் எழுந்து நின்றார். "நாளைக்கு அந்தப் பிள்ளைக முன்னாடி நிக்கப் போறது நாங்கதான் சார். அதுகளுக்குக் கணக்கு தெரியும். உங்க தாளுக்குத்தான் தமிழ் தெரியல."

"அவங்க சொல்றது நாயந்தானுங்க சார்" என்று நானும் எழுந்தேன். பிறகு ஒவ்வொருவராக வகுப்பே எழுந்தது.

ஆய்வாளர் இறங்கிவர வேண்டியதாயிற்று. சொல்லைத் திருத்திக்கொண்டு மறுபடி மலையேறினோம். பிள்ளைகள் நாற்பது, நாற்பது என்று எழுதித் தள்ளினார்கள். பெருக்கல் வராதவர்களும் இருந்தார்கள். அந்தத் தாள்களை எஸ்தர் ஒளிக்கவில்லை. "வராததை வரலைன்னு எழுதுங்க. வந்ததை வரலைன்னு எழுதாதீங்க" என்பார். அறிக்கை மாறியது. அதில் அவர் பெயர் இல்லை. சான்றிதழையும் இழுத்தடித்தே கொடுத்தார்கள். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஒரு விடையைச் சிவப்பு மையால் அடிக்கும் முன், ஏன் இப்படி எழுதினாய் என்று பிள்ளையைக் கேட்கும் பழக்கம் அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. கூடவே அவர் கோபமும். எஸ்டேட் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று இனி யாராவது சொல்வதானால், எஸ்தர் இல்லை என்ற தைரியத்தில் சொல்ல வேண்டாம். நான் இருக்கிறேன்.