காய்ச்சல் விட்ட வேர்வை என்று நினைத்தேன்

அவருக்கு வேர்த்ததைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன்.

மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் விவசாயம். வயலில் காலில் முள் குத்தியதை அவர் வழக்கம்போல யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோது முழங்கால் வரை சிவந்து வீங்கியிருந்தது, குளிர்காய்ச்சல் ஆளைத் தூக்கிப் போட்டது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம்.

செல்லுலைட்டிஸ் (தோலுக்கு அடியில் பரவும் கிருமித் தொற்று) என்றார் டாக்டரம்மா. நரம்பு வழியாக மருந்து ஏற்றினால் சரியாகிவிடும் என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்து, சர்க்கரை நோய் இல்லை என்றும் சொன்னார். அப்பாடா, அது ஒன்றாவது இல்லையே என்று அதோடு மறந்துவிட்டேன்.

எதிர்க் கட்டிலில் ஒரு பெரியவர். அவருக்கும் காலில் கட்டு. சர்க்கரையால் புண் ஆறாமல் வந்திருந்தார். அவர் பெயர் அழகர். என் வீட்டுக்காரர் பெயர் அழகர்சாமி. ஊரில் எல்லோருக்கும் இவரும் வெறும் அழகர்தான். எங்கள் பக்கத்து ஆட்கள் படுத்திருக்கும் ஒரு வார்டில் இரண்டு அழகர் இருப்பது அதிசயம் ஒன்றும் இல்லை.

"ரெண்டு அழகரும் சொல்லி வச்ச மாதிரி கால நீட்டிப் படுத்துட்டாக பாருங்கக்கா" என்று அந்தப் பெரியவரின் மகள் செல்வி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அன்று காலையில் டியூட்டிக்கு வந்த நர்ஸ் எங்களுக்குப் புதுசு. சின்னப் பெண். மருந்துத் தட்டோடு வந்து, "அழகர் தானே?" என்று கேட்டாள். காய்ச்சல் அசதியில் கிடந்த இவர் கண்ணைத் திறக்காமலே "ம்" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நானும் தலையை ஆட்டினேன். அழகர்தானே, அதில் என்ன சந்தேகம்?

கையில் கட்டியிருந்த பெயர்ப் பட்டை அப்போது கையில் இல்லை. முந்தின நாள் வென்ஃப்ளான் (மருந்து ஏற்றுவதற்காக நரம்பில் பொருத்தி வைக்கும் மெல்லிய குழாய்) மாற்றியபோது இடைஞ்சலாக இருக்கிறது என்று வெட்டி எடுத்திருந்தார்கள். அது மேசையில் என் டிபன் பாக்ஸுக்கு அடியில் கிடந்தது.

அதுவரை எல்லா மருந்தும் கையில் இருந்த குழாய் வழியாகத்தான் போனது. இந்த ஊசியை மட்டும் அவள் வயிற்றில் போட்டாள். ஏன் என்று வாய் வரை வந்தது. படித்த பிள்ளை, தெரியாமலா போடும் என்று விழுங்கிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. வேர்த்தால் காய்ச்சல் விட்டது என்று கேட்டே வளர்ந்தவள் நான். உடனே மகள் கார்த்திகாவுக்குப் போன் போட்டேன். "அப்பாவுக்குக் காய்ச்சல் விட்ருச்சுடி. நல்லா வேர்க்குது" என்றேன். தொட்டுப் பார்த்தேன், உடம்பு ஜில்லென்று இருந்தது. அதற்கும் சந்தோஷம். விரல்கள் நடுங்கின. ஃபேன் காற்று குளிர்கிறது போல என்று போர்வையை இழுத்துவிட்டேன். வாங்கி வந்த இட்லி அப்படியே இருந்தது. பல நாளாகச் சரியாகத் தூங்காத மனுஷன், தூங்கட்டும், எழுந்து சாப்பிடட்டும் என்று அதை மூடி வைத்தேன்.

அவர் உயிர் என் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது. நான் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

செல்வி எங்கள் கட்டிலுக்கு வந்தாள். "அக்கா, அப்பாவுக்கு இன்னும் சுகர் ஊசி போடல. இட்லி ஆறிக்கிட்டுக் கெடக்கு. கேட்டா, போட்டாச்சேங்கிறாக அந்த சிஸ்டர். எப்பப் போட்டாக? நான் இங்கனயேதான இருக்கேன்."

வயிற்றில் போட்ட ஊசி ஞாபகம் வந்தது.

"என்னங்க, என்னங்க" என்று அவரை உலுக்கினேன். கண் திறந்தது. ஆனால் அது என்னைப் பார்க்கவில்லை. "மடையத் தொறந்தாச்சா?" என்று குழறினார். நான் வராந்தாவுக்கு ஓடினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த நர்ஸ் தானாக ஓடி வந்தாள். இவரைப் பார்த்தாள். எதிர்க் கட்டிலைப் பார்த்தாள். அவள் உதடு வெளுத்துவிட்டது.

டாக்டரம்மா வந்ததும், யாரும் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்: "மேடம், அவருக்குப் போட வேண்டிய இன்சுலினை இவருக்குப் போட்டுட்டேன்." எந்த மருந்து, எவ்வளவு என்பதையும் சொன்னாள்.

விரலில் குத்திப் பார்த்தார்கள். ஹைப்போகிளைசீமியா (ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிப்போவது). குளுக்கோஸைக் குழாய் வழியாக ஏற்றிக்கொண்டே டாக்டரம்மா கேட்டார்: "ஐயா, உங்க பேரு என்ன?"

பதில் இல்லை. மறுபடியும் கேட்டார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த மனுஷன் இனி பேசாமலே போய்விடுவாரா, மகளிடம் காய்ச்சல் விட்டது என்று சொல்லிவிட்டேனே என்றெல்லாம் ஓடியது.

"அழகர்சாமி" என்றார் அவர். சாமி வரைக்கும் முழுசாகச் சொன்னார்.

பயம் அதோடு முடியவில்லை. "அந்த இன்சுலின் இன்னும் உடம்புக்குள்ள இருக்கும்மா. திரும்பவும் இறங்கலாம். பார்த்துக்கிட்டே இருக்கணும்" என்றார் டாக்டரம்மா. அன்று முழுக்க விரலில் குத்திக் குத்திப் பார்த்தார்கள். நான் அவர் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதுரை வெயிலில் வார்டில் எல்லோருக்கும்தான் வேர்த்தது. எது வெயிலின் வேர்வை, எது அந்த வேர்வை என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

சாயங்காலம் அந்த நர்ஸ் வந்து நின்றாள். "அக்கா" என்றாள்.

"ஒண்ணும் பேசாத தாயி. போயிரு" என்றேன். அப்போது எனக்கு அவளை அறைய வேண்டும் போலத்தான் இருந்தது. அவள் பயந்துபோய் மறைத்திருந்தால், கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்று டாக்டர்கள் வேறு பக்கம் தேடிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். அது எனக்குப் புரிகிறது. கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய்.

மறுநாள் புதுப் பட்டை கட்டினார்கள். அதே பெண்தான் மருந்தோடு வந்தாள். "பேரு சொல்லுங்க" என்றாள். இவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"கார்த்திகா அப்பா" என்றேன். எங்கள் வீட்டில் புருஷன் பெயரைப் பெண்கள் சொல்வதில்லை. இத்தனை வருஷத்தில் நானும் சொன்னதில்லை.

"அது பேர் இல்லக்கா" என்றாள். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"அழகர்சாமி" என்றேன். அவள் பட்டையில் இருந்ததோடு சரிபார்த்து, என்ன மருந்து, எதற்கு என்பதையும் சொல்லிவிட்டுப் போட்டாள். இவர் ஒரு கண்ணைத் திறந்து, "என்னடி, பேரச் சொல்லிப்புட்ட?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உங்கள் வீட்டு ஆளின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இன்னார்தானே என்று கேட்டால் தலையை ஆட்டிவிடாதீர்கள். முழுப் பெயரை உங்கள் வாயால் சொல்லுங்கள். வழக்கமாகப் போடாத இடத்தில் ஊசி போட்டால், ஏன் என்று கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கால் ஆறிவிட்டது, தழும்பு மட்டும் இருக்கிறது. அவர் பழையபடி வயலுக்குப் போகிறார். நான்தான் பழைய ஆள் இல்லை. அவர் சாப்பிட வரக் கொஞ்சம் தாமதமானால் தையல் மெஷினில் கால் ஓடுவதில்லை. வேர்வை என்றால் எனக்கு இப்போது உழைப்பும் இல்லை, காய்ச்சல் விட்டதும் இல்லை.

போன வாரம் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. கூடத்தில் படுத்திருந்தவருக்குக் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. வெக்கைதான் என்று தெரியும். ஆனாலும் குனிந்து காதருகே, "அழகர்சாமி" என்று கூப்பிட்டேன்.

கண்ணைத் திறக்காமலே "ம்" என்றார்.

அந்த 'ம்' எனக்குப் போதாது. "பேரச் சொல்லுங்க" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அழகர்சாமி" என்றார். "தூங்க விடுடி."

அதற்குப் பிறகுதான் விசிறியை எடுத்தேன்.