அப்ஸானா மலையிலிருந்து இறக்கிய சிடி

மலைமேல் இருக்கும் செம்மேட்டில் ஓர் அறக்கட்டளை நடத்திய சிறிய காசநோய் ஆஸ்பத்திரியில் 2002-ஆம் ஆண்டு கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தாள் அப்ஸானா. சேந்தமங்கலத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த அமீர் பாஷாவின் மகள். வாரம் முழுக்க மலையில் தங்கல், சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து வீடு.

யாருக்கு நோய், எத்தனை மாத மாத்திரை முடிந்திருக்கிறது என்பதெல்லாம் அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டரில் இருந்தன. அது அழிந்தால் வைத்தியம் குழம்பும், வெளியே கசிந்தால் கல்யாணங்கள் நிற்கும் என்று டாக்டர் பிரபாவதி முதல் நாளே சொல்லியிருந்தார். அதனால் சனிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் ஒரு சிடியில் பதிந்து, பாஸ்வேர்டு போட்டு, அப்பாவின் கடை இரும்புப் பெட்டியில் கொண்டுபோய் வைப்பாள். பாஸ்வேர்டு அவளுக்கும் டாக்டருக்கும் மட்டுமே தெரியும். யாரும் தேடாத ஒன்றை வாராவாரம் சுமக்கிறோமே என்று அம்மாவிடம் அலுத்துக்கொள்வதும் உண்டு.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் இடி விழுந்தது. மறுநாள் போனபோது கம்ப்யூட்டர் கருகிய வாடையோடு கிடந்தது. வாசலில் மாத்திரைக்காக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வந்த பஸ்ஸிலேயே கீழே இறங்கிச் சிடியை எடுத்துவந்தாள். அறக்கட்டளை நாமக்கல்லிலிருந்து அனுப்பிய பழைய கம்ப்யூட்டரில் பெயர்கள் ஒவ்வொன்றாக வரவர, அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை வந்துவிட்டது. எதுவும் போகவில்லை.

பூரித்துப்போன அமீர் பாஷா, அத்தனை பேர் விவரமும் தன் பெட்டியில்தான் பத்திரமாக இருந்தது என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அந்தப் பேச்சு பக்கத்து ஊரான காளப்பநாயக்கன்பட்டிக்கும் போனது. அடுத்த சனிக்கிழமை அவள் வந்து இறங்கியபோது, அந்த ஊர் விவசாயியும் நெடுநாள் வாடிக்கையாளருமான சுப்பண்ணன் கடையில் காத்திருந்தார். தன் மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதாக யாரோ சொன்னார்களாம். பையனின் பெயரைச் சொன்னார்.

“பேர் இருக்குதா இல்லையான்னு மட்டும் சொல்லு கண்ணு. நான் வெளிய விட மாட்டேன்.”

பெயரைக் கேட்டதுமே அவளுக்கு விடை தெரிந்துவிட்டது. சொல்லிவிடேன் என்பதுபோல் அப்பா பார்த்தார்.

“சொல்லக் கூடாதுங்க மாமா.”

“இல்லீன்னா இல்லீன்னு சொல்றதுல என்ன வந்துச்சு?”

“இன்னிக்கு உங்களுக்கு இல்லீன்னு சொன்னா, நாளைக்கு இன்னொருத்தர் கேக்கறப்ப நான் சும்மா இருக்கறதே பதிலாயிருமுங்க. அந்தப் பையனையே கேட்டுப் பாருங்க. அப்படியே நோவு இருந்தாலும், மாத்திரைய முழுசா சாப்பிட்டா குணமாயிருமுங்க.”

சுப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துபோனார். பழைய வாடிக்கையை இழந்தோமே என்று அமீர் பாஷா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். சிடி எங்கே இருக்கிறது என்று ஊருக்கே சொன்னால் பூட்டு எதற்கு என்று மட்டும் அப்ஸானா கேட்டாள்.

நடந்ததை டாக்டரிடம் சொன்னாள். அந்த வாரம் முதல் சிடி நாமக்கல்லில் அறக்கட்டளையின் பீரோவுக்குப் போனது. இன்னொரு பஸ், இன்னும் கொஞ்சம் அலைச்சல். மழை வலுத்த ஒரு சனிக்கிழமை, கேட்காமலேயே அமீர் பாஷா தன் வண்டியில் அவளை அங்கே கூட்டிப்போனார். பையில் என்ன இருக்கிறது என்று வழியில் யாரிடமும் சொல்லவில்லை.

சுப்பண்ணன் அந்தப் பையனிடமே கேட்டாராம். அவன் என்ன சொன்னான் என்று அப்ஸானா விசாரிக்கவில்லை. தை மாதம் அதே மாப்பிள்ளையோடு கல்யாணம் நடந்தது. பத்திரிகை வைக்கச் சுப்பண்ணனே கடைக்கு வந்திருந்தார். கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று விசாரித்தாள்.

“கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கறேனுங்க” என்று சொல்லிவிட்டு, அப்ஸானா இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.