நான் சாத்திய ஜன்னல்கள்

என் மகள் காரில் கட்டி இழுக்கும் பழைய கேம்பிங் ட்ரெய்லர் ஒன்றை வாங்கி, மல்வேர்னில் எங்கள் வீட்டு முன்னால் நிறுத்தியிருந்தாள். உட்சுவர் முழுக்க மங்கிய பழுப்பு நிறச் சுவர்த்தாள். அதற்கு வெள்ளை அடிக்க ஆசைப்பட்டாள்.

தாளில் பெயின்ற் பிடிப்பதற்கு முதலில் பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூச வேண்டுமாம். கதவையும் ஜன்னல்களையும் திறந்துவிட்டு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு மூலையில் குந்தியிருந்து பூசினாள். ஒக்டோபர் குளிர். பிள்ளைக்குத் தடிமன் காய்ச்சல் வருமென்று பயந்து, வெளியே நின்றபடி எல்லாவற்றையும் சத்தமில்லாமல் சாத்தினேன்.

தேத்தண்ணியோடு திரும்பி வந்தபோது அவள் சரிந்து கிடந்தாள். உள்ளே மூச்சு முட்டும் பிரைமர் நெடி. இழுத்து வந்து புல்லில் கிடத்தினேன். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தாள்.

"ஆர் சாத்தினது?"

"நான்தான் பிள்ளை. குளிருமெண்டு..."

"சீரியஸ்லி அம்மா? எனக்கு இருபத்தாறு வயசு. ஒருக்கா கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீ வேண்டாமெண்டு சொல்லுவாய்."

வாய் தவறி வந்துவிட்டது. அவள் எழுந்து போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டாள்.

அடுத்த கிழமை ட்ரெய்லரை அஜின்கோர்ட்டில் சிநேகிதி வீட்டுக்கு இழுத்துப் போனாள். வெள்ளை அடித்து முடித்துவிட்டாளாம். வந்து பார்க்கட்டோ என்று கேட்டேன். "பிறகு பாப்பம்" என்றாள்.

குளிருக்குப் பயந்துதான் சாத்தினேன் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். சத்தமில்லாமல் ஏன் சாத்தினேன் என்பதை மட்டும் சொல்வதில்லை.