மண்டியிட்ட குடும்பம்

தொண்ணூற்றாறில் நாங்கள் அமெரிக்காவில், ஹூஸ்டனை அடுத்த கேட்டி என்ற ஊரில் இருந்தோம். அந்த மார்ச்சில் எங்கள் முதல் பெண் இறந்தே பிறந்தாள். இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்து நான் கண் விழித்தபோது, என் கணவர் அடக்கத்தையும் முடித்திருந்தார். முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் சாமிக்கு விளக்கேற்றுவதை நிறுத்தினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மியூசியத்துக்கு அழைத்துப் போனார். அந்த வெயிலில் ஏசி உள்ள இடமாகத்தான் போக முடியும். ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பிய ஓவியங்கள். ஒன்றில் ஒரு வியாபாரியின் குடும்பமே மாதா முன்னால் மண்டியிட்டுக் கைகூப்பியிருந்தது. பிள்ளைகளில் மூன்று பேர் தலைக்கு மேல் மட்டும் அரிசியளவு சிவப்புச் சிலுவை. அங்கே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பாட்டியிடம் கேட்டேன். படம் வரையும்போதே அந்த மூவரும் உயிரோடு இல்லையாம். அவர்களுக்காகவும் பிரார்த்திக்க வேண்டும் என்று சேர்த்து வரையச் சொல்வார்களாம்.

அந்தத் தாயின் முகத்தையே பார்த்தேன். அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. மூன்றைப் பறிகொடுத்துவிட்டு எப்படி இவளால் கும்பிட முடிகிறது என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் நகர முடியவில்லை. அவர்தான் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

ஃப்ரீவேயில் வரும்போது கேட்டேன். "நம்ம பாப்பாவ ஹாஸ்பிடல்ல போட்டோ எடுத்தாங்களா?"

ஃப்ரீவேயை விட்டு எக்ஸிட்டில் வண்டியை இறக்கியபடி சொன்னார். "நர்ஸ் கேட்டாங்க. நான்தான் வேணாம்னுட்டேன்."

"எனக்கு வேணும்னு தோணலையா உங்களுக்கு?"

"நீ கண்ணே தொறக்கல. உன்னையும் தூக்கிக் குடுத்துடுவேனோன்னு நின்னுட்டிருந்தேன். வேற எதுவும் தோணல."

பத்து நாள் அவரோடு நான் பேசவில்லை. அதன்பின் ஒரு நாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "முடி நிறைய இருந்துச்சு. மேல் உதடு உன்ன மாதிரி."

"நீங்க தூக்கினீங்களா?"

"ஒரு மணி நேரம் மடியில வச்சிருந்தேன். அப்புறம் நர்ஸ் வந்து வாங்கிக்கிட்டாங்க."

காது எப்படி, விரல் எப்படி, நிறம் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். தெரிந்ததைச் சொன்னார். ஞாபகமில்லாததை, ஞாபகமில்லை என்றார்.