மாப்பிள்ளைக்கென்று வைத்த பாட்டில்

உலகத்திலேயே அழகான இடம் எது என்று அந்த வயதில் என்னைக் கேட்டிருந்தால், பெரிய மாமாவின் பிராந்திக் கடை என்றுதான் சொல்லியிருப்பேன். செய்யூரில் எந்தக் கோயிலிலும் அத்தனை விளக்கு எரிந்து நான் பார்த்ததில்லை. குழல்விளக்கு வெளிச்சத்தில் தேன் நிறத்திலும் செந்நிறத்திலும் பாட்டில்கள் மின்னும். நடுவில், அம்மாவின் அண்ணனான அவர், கூலிக்காரர் வீட்டில் பிறந்து சொந்தமாக உரிமம் எடுத்தவர், ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார்.

அப்பா கல்பாக்கத்தில் மாதச் சம்பளக்காரர். இனிமேல் குடித்தால் ஈரல் தாங்காது என்று செங்கல்பட்டு டாக்டர் சொல்லியிருந்தார். கொஞ்ச நாள் நிறுத்திப் பார்த்தார், முடியவில்லை. அதன் பிறகு மாமா ஓர் ஏற்பாடு செய்தார். வீட்டு மாப்பிள்ளை கூட்டத்தில் நின்று வாங்கினால் தனக்குத்தான் கேவலம் என்று சொல்லி, அப்பாவைப் பின்னறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தானே கிளாசில் ஊற்றிக் கொண்டுவருவார். அந்த மரியாதையில் மயங்கி, அப்பா வேறு கடைப் பக்கம் போகவே இல்லை.

"மச்சான் சரக்கே சரக்கு. எவ்ளோ அட்ச்சாலும் நெதானம் தப்பல பாரு."

"உனுக்குன்னே தனியா வெச்சிக்கீறேன் மாப்ள. கத்தாத, மத்தவனும் கேப்பான்."

பிறகு, மதுக்கடைகளை இனி அரசாங்கமே நடத்தும் என்று ஆயிற்று. மாமாவின் கடை மூடிய அன்று அம்மா சாப்பிடாமல் அழுதாள். அண்ணனின் பிழைப்பு போனதற்காக அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதே கட்டடத்தில் அரசுக் கடை திறந்தது. வாசலில் பெயர்ப்பலகை, முன்னால் இரும்புக் கம்பி, உள்ளே எம்.ஏ. படித்த விற்பனையாளர். நிலக்காரரும் அவர் வயலில் கூலிக்குப் போகிறவரும் ஒரே கம்பி இடுக்கில் கை நீட்டினார்கள். நீ யார் வீட்டுப் பிள்ளை என்று யாரையும் கேட்கவில்லை. நான் படித்தது அரசுப் பள்ளி, போட்டிருந்தது அரசு கொடுத்த சட்டை. அரசு என்ற சொல்லோடு வருவது தவறாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாமா தன் ஏற்பாட்டை விடவில்லை. அவரே அந்த வரிசையில் நின்று வாங்கிவந்து, தன் வீட்டில் அப்பாவை உட்காரவைத்தார். ஒரு மாலை தண்ணீர் குடிக்க அவர் வீட்டு அடுப்படிக்குள் போனேன். மாமா பாட்டிலின் சீலை உடைத்து, முக்கால்வாசியைப் பாத்திரம் கழுவும் அங்கணத்தில் கொட்டிவிட்டு, தண்ணீரும் ஆறிய டீத்தண்ணியும் ஊற்றி நிரப்பிக்கொண்டிருந்தார். ஏமாற்றிப் பிழைக்கிறவன் காசு கொடுத்து வாங்கியதைக் கீழே கொட்டமாட்டான் என்று யோசிக்கும் வயதில்லை எனக்கு. கூடத்திலிருந்த அப்பாவிடம் ஓடினேன்.

"நைனா, மாமா ஏமாத்துது! டீத்தண்ணி கலக்குது. கவர்மெண்டு கடையில சீலோட தராங்கோ, அங்கயே வாங்கிக்கோ."

அப்பா எழுந்தார். பாட்டிலோடு வந்த மாமா அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா மச்சான், இத்தினி நாளா இதானா?"

"ஆமா மாப்ள. திட்டு, ரெண்டு அறைகூட வுடு. அங்க மட்டும் போவாத."

"நான் இன்னா பச்சப் புள்ளயா?"

"என் தங்கச்சி வூட்டுக்காரன்யா நீ!"

பிடிபட்டவனின் கெஞ்சலாகத்தான் அது என் காதில் விழுந்தது. நாக்குக்குத் தெரியாமல் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக நீரைக் கூட்டி, ஒரு மனிதரை உயிரோடு வைத்திருந்த அந்தக் கைப்பக்குவத்தை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அவர் கடை முழுவதும் இருந்த பாட்டில்களில் அப்பாவுக்கென்று வைத்த ஒன்றில் மட்டும்தான் அவர் தண்ணீர் கலந்தார். அப்பாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன நாளில்கூட மாமா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆனால் நான் ஓடிவந்து சொன்ன அந்த மாலை, அப்பா என் தோளில் கைபோட்டு நடந்தார். உண்மையைக் கண்டுபிடித்துச் சொன்ன பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கம்பிக்குள் இருந்தவர் காசை வாங்கிக்கொண்டு சீல் உடைக்காத பாட்டிலை நீட்டினார். மஞ்சள் பூத்திருந்த அப்பாவின் கண்களை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. யார் எவர் என்று பார்க்காத அந்த நேர்மையை நான் வாய்பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.