குருசடியில் வெயில் குடித்த மருந்து

தேவபிரசாதம் காலராக் கிருமியைப் புட்டியில் வளர்த்து, தருவைகுளத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குடியிருப்புக்குக் குடிக்கக் கொடுத்துக் கொன்றார் என்று தூத்துக்குடியில் ஒரு பேச்சு. சொல்கிறவர்கள் யாருக்கும் செத்தவர் பெயர் தெரியாது. புட்டியின் நிறம் மட்டும் நேரில் பார்த்த மாதிரி வரும்: பாதிப்பேருக்குப் பச்சை, மீதிப்பேருக்கு நீலம். இப்படி நிறம் மாறுகிற பேச்சைக் கொஞ்சம் உரசிப் பார்க்கத்தான் வேண்டும்.

துறைமுகத்தில் கப்பல்காரர்களின் மலத்தைச் சோதித்து, காலரா உண்டா இல்லையா என்று எழுதித் தருவது தேவபிரசாதத்தின் வேலை. சர்க்கார் சம்பளம் அதற்குத்தான். அவர் மனசோ வேறொன்றில் கிடந்தது. கிருமி பாலாடை மாதிரி படர்ந்த தட்டில் சில சமயம் சின்னச் சின்ன ஓட்டைகள் விழும். கிருமியையே தின்கிற வைரஸ் ஒன்று அங்கே இருந்தது என்று அர்த்தம். பேஜ் என்பார்கள். அவருடைய பூதக்கண்ணாடிக்கு அது சிக்காது; அது தின்ற இடம் மட்டும் தெரியும்.

"ஓட்டையப் பாக்கவா வே உமக்குச் சம்பளம்?" என்றார் மேலதிகாரி. தேவபிரசாதம் தலையாட்டிவிட்டு, மறுபடி ஓட்டையைப் பார்க்கப் போனார்.

யுத்த காலம். கண்ணாடிச் சாமான்களைக் கிருமி போக ஆவியில் அவிக்கும் இயந்திரம் பழுதாகி, உதிரிப் பாகம் வரவில்லை. துறைமுக வாசலில் இட்லி விற்ற ரோஸ், தன் பழைய இட்லிக் கொப்பரையை இரவல் கொடுத்தாள்.

"இதுல என்னத்த அவிக்கப் போறீரு சார்?"

"கண்ணாடிக் குழாய்."

"தொட்டுக்கிட சட்னி வேணுமா?"

அந்தக் கோடையில் ரோஸின் குடியிருப்பில் வாந்திபேதி வந்தது. வயிற்றுக்குள்ளும் அது காலராக் கிருமியைத் தின்றுவிடும் என்று நம்பி, தேவபிரசாதம் கொப்பரையில் அவித்த புட்டிகளில் பேஜை நிரப்பி, ஆளுக்கு ஒரு மடக்கு கொடுக்கச் சொல்லி அவளிடம் தந்தார். அவள் புருஷன் ஜேசுபாதம் முத்துக் குளிக்கிறவன். மற்றவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று முதல் மடக்கை அவன்தான் குடித்தான். பேதி கண்டபோது ஆஸ்பத்திரி வண்டி வந்தது. "மருந்துதான் குடிச்சாச்சே" என்று ஏற மறுத்துவிட்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும் ஏறவில்லை. மணலில் குழி தோண்டவும் ஆள் போதாமல் போயிற்று.

ரோஸ் மிச்சப் புட்டிகளைத் திருப்பிக் கொண்டுவந்தாள். தேவபிரசாதம் சோதித்தார். தட்டில் ஓர் ஓட்டைகூட விழவில்லை. பேஜ் செத்திருந்தது.

"இத எங்க வச்சிருந்த?"

"குருசடியிலதான். கடல்ல எறங்குற கல்லு, கயிறு எல்லாம் ஒரு பகல் அங்கன இருந்துட்டுத்தான போவும்? வயித்துக்குள்ள போறது இருக்கப்படாதா?"

கடற்கரையில் கூரையில்லாத கற்சிலுவை அது. சித்திரை மாதத்து வெயில். ஆய்வறையில் பேஜ் எப்போதும் இருட்டு அலமாரியில் ஈரத்துணிக்குள் இருந்ததால், வெயில் அதற்கு ஆகாது என்று அவருக்கே தெரியாது. புதிதாக வளர்த்து வெயிலில் வைத்துப் பார்த்தார், செத்தது. கூடவே, பேஜ் கலக்காத சுத்தம் என்று அவர் நம்பியிருந்த ஒரு கிருமியையும் கொஞ்ச நேரம் வெயில் காட்டினார். கிருமியால் கலங்கியிருந்த குழாய் சாயங்காலம் தெளிந்து தண்ணீராகக் கிடந்தது. உள்ளே இருந்ததெல்லாம் பேஜ். அந்தக் கிருமி தன் எமனை வயிற்றிலேயே சுமந்து, தலைமுறை தலைமுறையாகப் பெருகியிருக்கிறது. அந்த எமனை அதுவரை பேசாமல் இருக்கச் சொன்னது எது? வெயில் பட்டதும் எழுந்திரு என்றது எது? அதற்குப் பிறகு அவருடைய வருஷங்கள் எல்லாம் இந்தக் கேள்விக்குள் போய்விட்டன. கட்டுரை மட்டும் எழுதவில்லை. வெயிலைச் சோதிக்கும் யோசனை எப்படி வந்தது என்று அதில் சொல்ல வேண்டுமே; சொன்னால் ரோஸ் புட்டி வைத்த இடமும் வெளியே வரும்.

ஆனால் ரோஸே ஒருநாள் வந்து கேட்டுவிட்டாள்.

"சார், அது நல்ல மருந்துதானா? நான் வச்ச எடத்துலதான் கெட்டுப்போச்சோ?"

தேவபிரசாதம் பொய் சொல்லிப் பழகாதவர். அதனால் சுருக்கமாகச் சொன்னார். "மருந்தே கெட்டது. நான் தப்பாக் காய்ச்சிட்டேன்."

"அப்ப எங்க ஆள நீருதான் கொன்னீரு."

"ஆமா."

அவள் அதைத் துறைமுக வாசலில் சொன்னாள். இட்லி தின்றவர்கள் ஊருக்குள் கொண்டு போனார்கள். பேச்சின் ஊற்றுக்கண் இவ்வளவுதான். அதைத் தோண்டிவிட்டவர் அவரேதான். ரோஸுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இது இங்கே அச்சேறுகிறது.

நிறத்தையும் சொல்லிவிட வேண்டும். புட்டி பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. யுத்தத்தில் நிறக் கண்ணாடி கிடைக்கவில்லை. அது வெயில் அப்படியே உள்ளே போகிற வெறும் வெள்ளைக் கண்ணாடி. ஊர் சொல்கிற நிறத்தில் ஏதாவது ஒன்று இருந்திருந்தால், உள்ளே இருந்தது ஒருவேளை பிழைத்திருக்கும்.

யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரனும் போய், புது இயந்திரம் வந்துவிட்டது. தேவபிரசாதம் கொப்பரையைப் புளி போட்டுத் துலக்கி வாசலுக்கு எடுத்துப் போனார்.

"உம்ம கை பட்டது எனக்கு வேண்டாம்" என்றாள் ரோஸ், இட்லித் துணியை உதறியபடி.

"இரவல் வாங்கினது ரோஸ்."

"இருக்கட்டும். இரவலாவே இருக்கட்டும்."

அது இன்னும் அவருடைய மேஜைக்கு அடியில்தான் இருக்கிறது.