சுற்றி வந்தால் நான்கு சிங்கம்

எங்கள் ஊர் முனையில் நின்ற தூணின் உச்சியில் எத்தனை சிங்கங்கள் என்று டீக்கடையில் யாரைக் கேட்டாலும் மூன்று என்றுதான் சொல்வார்கள். ரூபாய் நோட்டில் மூன்று, பாஸ்போர்ட் அட்டையில் மூன்று, ஆகவே தூணிலும் மூன்று. சுற்றி வந்து எண்ணினால் நான்கு. அப்படிச் சுற்றி வந்தவர்கள் எனக்குத் தெரிந்து ஊரில் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருத்தி தூணடியில் பூ விற்கும் அம்மாள். நான் எண்ணுவதற்காகச் சுற்றினேன். அவள் கும்பிடுவதற்காகச் சுற்றினாள்.

எண்ணுவது என் தொழில். விழுப்புரம் ஜங்ஷன் சரக்குக் கொட்டகையில் வேலை பார்த்துத் தலை நரைத்தவன். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை, உர மூட்டை, சிமெண்ட் மூட்டை என்று வேகன் வேகனாக எண்ணியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு மூட்டைகள் போய்விட்டன, பழக்கம் போகவில்லை. "மாமா தோசையைக்கூட எண்ணிட்டுத்தான் வாயில வெப்பாரு" என்று மருமகள் தன் அம்மாவிடம் போனில் சொல்வது எனக்குக் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் சொல்கிறாள்.

தூண், சுதந்திர வெள்ளி விழா ஆண்டில் ஒன்றியந்தோறும் நட்டார்களே, அவற்றில் ஒன்று. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் வழியில் எங்கள் ஊருக்குச் சாலை பிரியும் இடத்தில், ஆள் உயரத்துக்கு மேல் கருங்கல். உச்சியில் சுதைச் சிங்கங்கள். ஒரு பக்கம் அரசியல் சட்டத்தின் முகவுரை. ஒரு பக்கம் திறப்பு விழாக் கல்வெட்டு. ஒரு பக்கம் வெறுமை. நான்காவது பக்கத்தில் விடுதலைக்காகச் சிறை சென்ற பதினொரு பேரின் பெயர்கள். ஏழாவது பெயர் என் அப்பாவுடையது.

நாங்கள் தமிழ்ச் சமணர்கள். எங்கள் மடம் இருக்கிற மேல்சித்தாமூருக்கு வந்தவர்கள் கோயிலுக்கு முன்னால் ஓங்கி நிற்கும் ஒற்றைக் கல் தூணைப் பார்த்திருப்பார்கள். மானஸ்தம்பம் என்பது அதன் பெயர். உள்ளே போகிறவன் அதைப் பார்த்ததும் தன் மானத்தை, அதாவது கர்வத்தை, அங்கேயே விட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் அந்தத் தூண்.

முனையில் புதுத்தூணைத் திறந்த மறுநாள் அப்பாவைச் சைக்கிளில் அழைத்துப் போனேன். கிட்டே போனதும் அவர் செருப்பைக் கழற்றினார். எனக்கு அப்போதுதான் ரயில்வே வேலை கிடைத்திருந்தது. நாலு பேர் பார்க்கிறார்களே என்று கூச்சமாக இருந்தது.

"அப்பா, இது கவர்மெண்ட் தூண்."

"தூணு யாருதா இருந்தா இன்னாடா? மேல நாலு பக்கமும் பாத்துக்கினு நிக்கிது. மானஸ்தம்பந்தான்."

மூன்று முறை சுற்றினார். பெயர்கள் இருந்த பக்கம் வரும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டார். உங்கள் பெயரைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். "மானத்த உடுற எடத்துல எவனாவது தம்பேரப் படிச்சிக்கினு நிப்பானா?" என்றார். சாகும்வரை அவர் அதைப் படிக்கவில்லை. எங்கள் வீட்டில் திவசம் கொடுக்கும் வழக்கம் கிடையாது. சமாதியும் இல்லை. உருப்படியாக ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளாத மனிதர். அவர் என்று நான் தொட்டுப் பார்க்க முடிந்தது அந்த ஏழாவது வரி மட்டும்தான்.

பூக்காரம்மா வந்து பதினைந்து வருடம் இருக்கும். மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். வெறுமையாக இருந்த பக்கத்தில் கூடையை வைத்தாள். அடுத்த வாரம் அங்கே ஒரு அகல் விளக்கு இருந்தது. அதற்கடுத்த வாரம் தூணுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தாள். நான் போய்ச் சத்தம் போட்டேன்.

"இன்னா சார் நீங்க, தூணு, மேல சிங்கம். அப்புறம் அது யாருன்னு நெனச்சிக்கினு கீறீங்க?"

எனக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. தூணைப் பிளந்துகொண்டு சிங்க முகத்தோடு வந்த நரசிம்மர். எங்கள் பக்கத்தில் பரிக்கல், பூவரசங்குப்பம், சிங்கிரிகுடி என்று மூன்று நரசிம்மரை ஒரே நாளில் தரிசிப்பது பெரிய வேண்டுதல். ஒரு நாள் முழுக்கப் பூக்கூடையை விட்டுவிட்டு இவளால் போக முடியாது.

"மூணு ஊரு மொகமும் இங்கியே கீது. எனக்கு பஸ்சு அலைச்சலு மிச்சம்."

"மூணு இல்லம்மா, நாலு."

"தெரியும் சார். சுத்தி வர்றவளுக்குத் தெரியாதா? நாலாவத உங்கப்பாருக்குன்னு வெச்சிக்கோங்க."

என் அப்பா பெயர் அதில் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "தெனம் வந்து அந்த ஒரு வரியத் தொட்டுட்டுப் போறீங்களே" என்றாள்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் சண்டை ஓயவில்லை. மாலையில் ஏற்றும் விளக்கில் பூச்சிகள் விழுந்து சாகின்றன, அது பாவம் என்றேன். மறுநாள் எங்கிருந்தோ ஒரு கண்ணாடிக் கூண்டு கொண்டுவந்து கவிழ்த்தாள். பதினொரு பெயருக்கும் வரிசையாகக் குங்குமம் வைத்தாள். "இதில் முஸ்லிம் ஒருத்தர் இருக்கிறார், கிறிஸ்தவர் ஒருத்தர் இருக்கிறார், அவர்களுக்கெல்லாம் பொட்டு வைக்கலாமா?" என்றேன். பெயர்களைப் படித்துக்காட்டச் சொன்னாள். அன்றிலிருந்து பாய்க்கு மல்லிச்சரம் மட்டும். கிறிஸ்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மெழுகுவத்தி. "உங்கள்ல இன்னா வெப்பீங்க?" என்றாள். கோயிலில் அரிசி வைப்போம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் முதல் தூணின் அடியில் ஒரு பிடி அரிசி. குருவி வந்து தின்றுவிட்டுக் கல்லின் மேல் எச்சம் போட்டது. அதற்கும் நான்தான் சத்தம் போட்டேன்.

"சார், குருவிய நான் இட்டாரல. உங்க அரிசிதான் இட்டாந்துது."

சனிக்கிழமைகளில் பானகம் கரைத்துக் கொடுப்பாள். வெல்லம் தூக்கலாக இருக்கும். எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தும் கொடுப்பாள். அரை டம்ளர் போதும் என்று சொல்லி முழு டம்ளரும் குடிப்பேன்.

அவளிடம் நான் சொன்ன வாதம் ஒன்றுதான். இது சாமி இல்லை, நாட்டின் சின்னம், எல்லோருக்கும் பொது. வாய் அப்படிச் சொன்னாலும் உள்ளே ஒரு கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சிங்கத் தூணை முதலில் நட்டவன் பௌத்தத்தைத் தழுவிய அரசன். அடியில் எழுதியிருக்கும் வாசகம் உபநிடதத்திலிருந்து வந்தது. கொடியில் இருப்பது தருமச் சக்கரம். நம் மாநில முத்திரையில் கோபுரமே நிற்கிறது. எந்த மதத்தையும் தனக்கென்று வைத்துக்கொள்ளாத நாடு தன் சின்னங்களை எல்லாம் யாரோ கும்பிட்ட இடத்திலிருந்துதான் எடுத்திருக்கிறது. எடுத்ததை நடுத்தெருவில் நட்டு, யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டது. என் அப்பாவுக்கு அதில் ஒரு மானஸ்தம்பம் கிடைத்தது. இவளுக்கு மூன்று ஊர் நரசிம்மரும் கிடைத்தார்கள். யாரும் வந்து எங்களைக் கேட்கவில்லை. கேட்காமல் இருந்த நாட்டுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். இந்த வயதில்தான் அது தோன்றுகிறது.

சாலையை அகலப்படுத்த வந்தார்கள். டீக்கடைச் சுவரில் ஒரு சிவப்புக் கோடு, செல்போன் கடைச் சுவரில் ஒன்று, தூணின் இடுப்பில் ஒன்று. வந்த இளம் பொறியாளர் மரியாதையான பையன். "பழைய கல்ல எடுத்தா எப்படியும் ஒடைஞ்சிடும் சார். புது யூனியன் ஆபீஸ் வாசல்ல கிரானைட்ல பளபளன்னு வெச்சிடலாம். அதே பேருங்கதான்" என்றார். பெயர் அதேதான். ஆனால் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றிய கல் அதுவா? இதை அந்தப் பொறியாளரிடம் எப்படிச் சொல்வது? விழுப்புரம் போய்க் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். ரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாள் இரண்டு முறை போட்டுவிட்டேன். எண்ணுகிறவன் நான்.

பதில் வருவதற்குள் ஒரு வியாழக்கிழமை காலை ஜேசிபி வந்துவிட்டது. செய்தி கேட்டு நான் போனபோது இயந்திரத்தின் கை தூணுக்குமேல் உயர்ந்து அப்படியே நின்றது. ஓட்டுநர் கீழே இறங்கியிருந்தான். கண்டாச்சிபுரத்துப் பையனாம்.

"இன்னாடா எறங்கிட்ட? ஜல்தி தட்டி உட்டுட்டு வா" என்று காண்ட்ராக்டரின் மேஸ்திரி கத்தினார்.

"பொட்டு கீது, வெளக்கு எரியுது. நான் புள்ளகுட்டிக்காரன்ணே."

"அது சாமி இல்லடா, கவர்மெண்ட்டு கல்லு! மேல பாரு, நோட்டுல கீற சிங்கம்."

"நோட்டு கீழ உயுந்தாலும் கண்ணுல ஒத்திக்கினுதான எடுக்கிறோம்?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரி சுற்றிப் பார்த்தார். அவர் கண்ணில் என் மூக்குக்கண்ணாடி பட்டது.

"சார், நீங்க படிச்சவரு. நீங்களே இவனுக்குச் சொல்லுங்க. இது சாமியா இல்லையா?"

பூக்காரம்மா கூடையின் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தாள். பதினைந்து வருடமாக என் பதிலைக் கேட்டவள். சாமி இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த இரும்புக் கை இறங்கிவிடும். சாமி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் நம்பாததை எப்படிச் சொல்வது?

குனிந்து செருப்பைக் கழற்றினேன். முழங்கால் வலிக்காரனுக்கு அது சாதாரண வேலை இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்கான ஒட்டுப்பட்டைச் செருப்பு, இரண்டு காலிலும் கர்கரென்று பிரிந்தது. ஊரே அந்தச் சத்தத்தைக் கேட்டது. மெதுவாகத் தூணைச் சுற்றி வந்தேன். பெயர்கள் இருந்த பக்கம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றைக்குத்தான் முதல் தடவை.

"பாத்துக்கோண்ணே, சாரே செருப்பக் கழட்டிட்டாரு. இனிமே என்னாண்ட பேசாத" என்றான் ஓட்டுநர், தன் செருப்பையும் கழற்றிவிட்டு.

மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். "பேஜாரா பூட்ச்சே. இப்ப இன்னாதான் பண்றது?"

"சாமியச் சொம்புல எறக்கிட்டு எடுக்கலாம்" என்றாள் பூக்காரம்மா.

கோயில் திருப்பணியின்போது செய்வதுதான். சிலையிலிருக்கும் தெய்வத்தைக் கும்பத்து நீரில் இறக்கி வைத்துவிட்டால், பிறகு சிலையைத் தொட்டு வேலை செய்யலாம். டீக்கடைக்காரர் பித்தளைச் சொம்பு கொடுத்தார். யாரோ மாவிலை பறித்து வந்தார்கள். பூ கட்டும் நூலின் ஒரு முனையைத் தூணிலும் மறுமுனையைச் சொம்பிலும் கட்டினாள். கற்பூரம் ஏற்றிக் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். பிறகு நூலை அறுத்து, சொம்பை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

மேஸ்திரியின் முகம் மலர்ந்தது. "சாமி சொம்புக்கு வந்துட்டாரில்ல? அப்ப இது வெறுங்கல்லு. ஏறுடா வண்டியில!"

ஓட்டுநர் தலையாட்டிவிட்டுச் செருப்பை மாட்டினான். அவளுடைய சாமி பத்திரமாக இடுப்பில் உட்கார்ந்திருக்கிறது. அவளுக்கு இனி இந்தக் கல் வேண்டாம். எனக்குத்தான் வேண்டும். அதற்கு எந்தச் சடங்கும் என்னிடம் இல்லை.

அவள் சொம்போடு போய்த் தூணுக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் நின்றாள்.

"எங்கய்யா ஏறுற? சாமிதான சொம்புக்கு வந்துச்சு? சாரோட அப்பாரு இன்னம் கல்லுலதான கீறாரு."

"அவரையும் எறக்கித் தொலம்மா!"

"அவுங்கள்ல அந்தப் பழக்கம் கெடயாது. அவரு எறங்க மாட்டாரு. தோ நிக்கிறாரு சாரு, கேளு. கூட பத்து பேரு கீறாங்க. பாயி ஒருத்தரு, சர்ச்சுக்காரரு ஒருத்தரு. அவங்கள எந்தச் சொம்புல எறக்குவ? நீ எறக்குறியா?"

ஓட்டுநர் மறுபடி செருப்பைக் கழற்றினான். இந்தத் தடவை மேஸ்திரியே சிரித்துவிட்டார். கொஞ்ச நேரம் போனில் பேசினார். மதியத்துக்குமேல் திண்டிவனத்திலிருந்து கிரேன் வந்தது. வைக்கோல் அடைத்த சாக்குகளைத் தூணைச் சுற்றிக் கட்டினார்கள். அது லாரியில் படுத்தபடி புது அலுவலகத்துக்குப் போனது. அவள் சொம்போடு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னால் ஆட்டோவில் போனேன்.

ஒரு சிங்கத்தின் காது மட்டும் உடைந்துவிட்டது. எந்தச் சிங்கம் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரம் அதைச் சொல்லிப் புலம்பினேன். பெயர்கள் இப்போது மேற்கைப் பார்க்கின்றன. மாலை வெயில் நேராக எழுத்தில் விழுகிறது. சொம்புத் தண்ணீரை அவள் அடியில் ஊற்றிவிட்டு, கூடையையும் அங்கேயே கொண்டுவந்துவிட்டாள்.

அங்கே பஸ் நிற்பதில்லை. பூ முன்புபோல் விற்பதில்லை என்று பார்த்தாலே தெரிகிறது. நான் தினமும் நாலு முழம் வாங்கிக்கொண்டு போகிறேன். எங்கள் வீட்டில் தலையில் பூ வைப்பவள் மருமகள் ஒருத்திதான்.

"யாருக்கு மாமா இவ்ளோ பூ?"

"நாலு முழந்தானே? எண்ணித்தான் வாங்கினேன்" என்றேன்.